பட்டியலில் இருந்த காதர்

கேதீஸ்வரனுக்கு ஐம்பத்தெட்டு வயது. அதில் முப்பத்திரண்டு வருடங்களைச் சுவிஸில் பயந்தே கழித்துவிட்டார். நாய்க்குப் பயம். ரயிலில் டிக்கெட் பார்க்க வருகிறவருக்குப் பயம். கையில் டிக்கெட் இருந்தாலும் பயம். ஞாயிற்றுக்கிழமை வெறும் போத்தலைக் கொண்டுபோய்த் தொட்டிக்குள் போட்டால் சத்தம் கேட்டு யாராவது எட்டிப் பார்ப்பார்கள் என்று, திங்கட்கிழமைவரை அதைக் கட்டிலுக்கடியில் படுக்க வைத்திருப்பார். ஷ்லீரன் என்ற சிறு நகரத்தில் அவருக்கு எதிர்வீட்டில் ஏழு வருடம் இருந்த ஒரு கிழவர், இந்த வீட்டில் ஆளே இல்லை என்று நினைத்துக்கொண்டே செத்துப்போனார்.

அப்பேர்ப்பட்ட மனிதர் ஒரு பொய் சொன்னார். ஒரே ஒரு பொய். பழக்கமில்லாதவன் பொய் சொன்னால் அது எந்தெந்தச் சந்துக்குள் எல்லாம் ஓடும் என்று அறிய விரும்புகிறவர்கள் மேலே படிக்கலாம்.

அவருக்கும் மனைவி பவதாரணிக்கும் பிள்ளைகள் இல்லை. இருபத்தாறு வருடம் ஒரே துப்புரவுக் கம்பனியில் அலுவலகக் கண்ணாடிகளைத் துடைத்தார். பிறகு கம்பனிக்கு ஒப்பந்தம் போனது, இவருக்கு வேலை போனது. வேலையில்லாதவர்கள் பதிகிற ஆர்.ஏ.வி. அலுவலகத்தில் பதிந்து, மாதம் பத்து விண்ணப்பம் அனுப்பினார். பத்துக்கும் ‘மன்னிக்கவும்’ வந்தது. அந்த நாட்டில் மறுப்பைக்கூட நல்ல தாளில்தான் அடித்து அனுப்புவார்கள். இரண்டு வருடத்தோடு அங்கிருந்து வந்த காசும் நின்றது. ஒரு பல் வைத்தியரின் இடத்தைக் காலையில் இரண்டு மணித்தியாலம் கூட்டுகிற வேலை மட்டும் மிஞ்சியது. அதே நேரம் பார்த்துப் பவதாரணியின் இடுப்பெலும்பு தேய்ந்து, அவள் நாலாம் மாடியிலிருந்து படியிறங்க முடியாமல் ஆனாள். கார்த்திகை மாதம் ஆஸ்பத்திரியில் ஆபரேசன் என்று நாள் குறித்திருந்தார்கள்.

இப்படிப்பட்டவர்கள் போவதற்கென்றே நகரசபையில் ஒரு சமூக உதவி அலுவலகம் உண்டு. எல்லாரும் அதைச் ‘சோசியல்’ என்பார்கள். அங்கே போவதைவிட நாயிடம் கடி வாங்கலாம் என்று கேதீஸ்வரன் நினைத்ததற்குக் காரணம் தம்பித்துரை. தம்பித்துரை யாழ்ப்பாணத்துக்காரர், பழைய கம்பனியில் கூட வேலை செய்தவர். கெட்ட செய்தி எதுவானாலும் முதலில் அவரிடம் வந்து தேநீர் குடித்துவிட்டுத்தான் மற்ற இடங்களுக்குப் போகும்.

“சோசியலுக்கு மட்டும் போயிடாதையும் ஐசே,” என்றார் ஸ்டேஷன் வாங்குப் பலகையில் இருந்துகொண்டு. “சி அட்டை எடுத்து இருவது வருசமான ஒருத்தரைப் பிடிச்சு பி அட்டைக்கு இறக்கிப்போட்டாங்கள். பி-க்குக் கீழை என்ன இருக்குத் தெரியுமோ?”

“என்ன?”

“பிளேன்.”

“சோசியல் எடுத்த உடனேயா?”

“உடனே இல்லை. பாத்துக்கொண்டு இருப்பாங்கள். அதுதான் பொல்லாதது.”

அது முழு உண்மையும் இல்லை, முழுப் பொய்யும் இல்லை. கேதீஸ்வரனுக்கு அந்த நடுப்பகுதியே போதுமாக இருந்தது. சி அட்டைதான் அவர் இந்த நாட்டில் நிரந்தரமாக இருக்கலாம் என்பதற்கு அத்தாட்சி. அது போனால் வீடு போகும், வீடு போனால் பவதாரணியின் ஆபரேசன் போகும். பத்து நாள் பருப்பும் சோறும் சாப்பிட்டார்கள். பிறகு பருப்பை விட்டுவிட்டுச் சோறு சாப்பிட்டார்கள்.

துருக்கிக்காரர் கடைக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. சனிக்கிழமை மத்தியானம் உணவு, அட்டை தேவையில்லை, எல்லாரும் வரலாம். மற்ற உணவு மேசைகளுக்கு அட்டை வேண்டும். அந்த அட்டைக்குச் சோசியலுக்குப் போகவேண்டும். இது அப்படியில்லை. கீழே ‘சுஃப்ரா உதவிக் கழகம்’ என்று இருந்தது. முஸ்லிம்களுடையது என்று தாளிலிருந்த பிறையைப் பார்த்துத் தெரிந்துகொண்டார். எல்லாரும் வரலாம் என்று எழுதியிருந்தாலும் எல்லாரும் என்றால் தானும்தான் என்று கேதீஸ்வரன் ஒருநாளும் எடுத்துக்கொண்டதில்லை. தன் உண்மைப் பெயர் எங்கும் பதியவும் கூடாது. ஒரு பின்னல் தொப்பி வாங்கினார்.

“என்ன இது, தலையில தோசக்கல்லு?” என்றாள் பவதாரணி.

“சும்மா இரி. குளிருக்கு.”

“வெயில் கொளுத்துது.”

ரயில் பாதைக்கு அருகே, ஒருகாலத்தில் டயர் அடுக்கி வைத்திருந்த கூடம் அது. நகரசபைக்குச் சொந்தமானது, கழகம் வாடகைக்கு எடுத்திருந்தது. வரிசையில் எரித்திரியாக்காரர், சிரியாக்காரர், வெட்கப்பட்டுக் கீழே பார்த்துக்கொண்டு நின்ற இரண்டு சுவிஸ் கிழவிகள். முக்காடு போட்ட ஒரு பிள்ளை பெயர் எழுதினாள்.

“காதர்,” என்றார். “இரண்டு பேர்.”

முகவரியும் கேட்டாள். நடக்க முடியாதவர்கள் வீட்டில் இருந்தால் கொண்டுவந்து தருவார்களாம். முகவரிக்குப் பொய் தயார் செய்து வரவில்லை. ஆகவே உண்மையைச் சொன்னார்.

அப்போது வெங்காய மூட்டைக்குப் பின்னாலிருந்து ஒரு பெரிய உருவம் நிமிர்ந்தது. “தமிழா காக்கா? நம்மட பக்கம் போல இரிக்கே. எந்த ஊரு?”

கேதீஸ்வரனின் ஊர் ஆரையம்பதி. அண்ணனைக் ‘காக்கா’ என்று அழைத்த பேச்சிலேயே கேட்டவர் காத்தான்குடி என்று தெரிந்தது. ஒன்று தமிழர் ஊர், மற்றது முஸ்லிம்களின் ஊர், நடுவில் ஒரு தெருதான். தொண்ணூறாம் ஆண்டு அந்தத் தெருவின் இரண்டு பக்கத்திலும் சனங்கள் ஒருவருக்கொருவர் பயந்து கதவைப் பூட்டிக்கொண்டு இருந்தார்கள். பயத்துக்குக் காரணமும் இருந்தது: இரண்டு பக்கத்திலும் ஆட்கள் கொல்லப்பட்டிருந்தார்கள்.

“புத்தளம்,” என்றார், வாயில் வந்த தூரத்து ஊரை.

“புத்தளத்தில எங்க?”

“பள்ளிவாசலுக்குப் பக்கத்தில.”

“எந்தப் பள்ளி?”

“பெரிய பள்ளி.”

“மாஷா அல்லாஹ்,” என்று சொல்லிவிட்டு அந்த மனிதர் மீண்டும் வெங்காயத்துக்குக் குனிந்தார். அவருடைய பெயர் ஜௌசி. ஓர் ஆஸ்பத்திரியில் சமையல் வேலை. சனிக்கிழமைகளில் இங்கே.

வீட்டுக்கு வந்து பையைத் திறந்தார்கள். அரிசி, கடலை, எண்ணெய், வெங்காயம், உறைந்த கோழி. வரிசையில் மற்றவர்களின் பையில் மாட்டிறைச்சி இருந்ததை அவர் கண்டிருந்தார். தனக்கு மட்டும் கோழி வந்தது பிள்ளையாரின் செயல் என்று முடிவு செய்தார். அடுத்த சனியும் கோழி. அதற்கடுத்த சனியும் கோழி. பிள்ளையார் வாராவாரம் தொழிற்பேட்டைக்கு வந்துபோகிறார் என்று நம்புவதில் அவருக்குச் சிரமம் இருக்கவில்லை.

மூன்றாம் மாதம் பவதாரணியை ஆஸ்பத்திரிக்குப் பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. லிஃப்ட் பழுது. கேதீஸ்வரன் கூடத்தில் ஜௌசியிடம் வாய்தவறிச் சொல்லிவிட்டார். குறித்த நாள் காலையில் ஜௌசி ஒரு சக்கர நாற்காலியோடு வாசலில் நின்றார். கேதீஸ்வரன் ஓடிப்போய்ச் சுவரிலிருந்த பிள்ளையார் படத்தின் மேல் வங்கிக் கலண்டரைத் தொங்கவிட்டார். ஆனால் பவதாரணியின் நெற்றியில் விபூதி மூன்று பட்டையாக இருந்தது. அதன்மேல் கலண்டர் தொங்கவிட முடியாது.

“வாங்க அக்கா,” என்றார் ஜௌசி. அவளை முதுகில் ஏற்றிக்கொண்டு, நாலு மாடியையும் ஒவ்வொரு படியாக, இருமிக்கொண்டே மூச்சு வாங்க இறங்கினார். நெற்றியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பார்வை குறைந்த மனிதர் போலிருக்கிறது என்று கேதீஸ்வரன் ஆறுதல் பட்டுக்கொண்டார். சக்கர நாற்காலியை ஜௌசி கழகத்திலிருந்து, காதர் என்ற பெயருக்குத் தந்ததாகக் கையெழுத்துப் போட்டு எடுத்து வந்திருந்தார். அதை வீட்டிலேயே வைத்துக்கொள்ளச் சொன்னார்.

இவ்வளவு நன்மை வந்தால் மற்றவர்கள் சந்தோசப்படுவார்கள். கேதீஸ்வரனுக்கோ நித்திரை போனது. காரணம், கழகத்தின் செயலாளர்.

செயலாளர் மெலிந்தவர், தங்க ஃபிரேம் கண்ணாடி, இஞ்சினியர். மாதத்தில் ஒருதரம் உணவு கொடுக்க முதல் பத்து நிமிடம் பேசுவார். நல்ல ஜெர்மன், கேதீஸ்வரனுக்குப் பாதி விளங்கும், படங்களில் மீதி விளங்கும். அவருடைய நாட்டில் அவருடைய கட்சி, மதச் சட்டமே நாட்டுச் சட்டமாக வேண்டும் என்கிற கட்சி. அது ஆஸ்பத்திரி நடத்துகிறது. விதவைகளுக்குத் தையல் மெஷின் கொடுக்கிறது. வெள்ளம் வந்தால் அரசாங்கத்தின் படகுக்கு முன்னால் அதன் படகு போகிறது. அரசாங்கம் உங்களை மறந்தது, நாங்கள் மறக்கவில்லை. கடைசியில் எப்போதும் ஒரே வசனம், மிக மென்மையாக: “உங்களுக்குச் சோறு போட்டது யார் என்று ஞாபகம் வைத்திருங்கள்.”

அந்த இடத்தில் கேதீஸ்வரனின் முதுகுத்தண்டில் ஓர் எறும்பு ஏறும். அவர் இந்தப் பேச்சை முன்பே கேட்டிருக்கிறார், வேறு பாஷையில், வேறு கடவுளோடு, அல்லது கடவுளே இல்லாமல். ஊரில் வெள்ளம் வந்த வருடம் போராளிகளின் ‘இயக்கம்’ உழவு இயந்திரத்தில் அரிசி கொண்டுவந்தது. காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தது. கிணற்றுக்கு மருந்து போட்டது. அவருடைய தாய் அந்தப் பெடியங்களின் தலையைத் தடவி, நீங்க நல்லா இரிக்கணும் மக்காள் என்றாள். அடுத்த வருடம் அதே உழவு இயந்திரம் வந்தது. இந்த முறை வீட்டுக்கு ஓர் ஆள் கேட்டது. தம்பி தயாபரனுக்குப் பதினேழு வயது. ஏறிப் போனான். வரவில்லை.

கொடுத்தவன் கேட்கிற நாள் வரும். கேதீஸ்வரனுக்கு இதில் சந்தேகமே இல்லை. என்னத்தைக் கேட்பான் என்பதுதான் கேள்வி. ஐம்பத்தெட்டு வயது, ஒரு பக்கத் தோள் உயராது, ஓடினால் மூச்சு வாங்கும். தன்னை வைத்து எந்தக் கட்சியும் எந்த நாட்டையும் பிடிக்காது என்று தெரிந்தும் பயந்தார். ஒவ்வொரு சனியும் பையை வாங்கும்போது, இன்றைக்கு இல்லை என்று மூச்சு விட்டுக்கொண்டு வந்தார். சாப்பிட்டார். பசி பயத்துக்கு மரியாதை கொடுப்பதில்லை.

ஆவணி மாதத்தில் ஒருநாள் தம்பித்துரை ரயிலில் கிடைக்கும் இலவசப் பத்திரிகையை ஆட்டிக்கொண்டு வந்தார்.

“உம்மடை சாப்பாட்டுக் கடை பேப்பரிலை வந்திட்டுது.”

சுஃப்ராவுக்குப் பின்னால் வெளிநாட்டுக் கட்சி இருக்கிறதாம். ஏழைகளுக்குக் கொடுத்தோம் என்று எழுதிய பொருட்கள் உண்மையில் ஏழைகளுக்குத்தான் போனதா, வேறெங்கும் போனதா என்று கேள்வியாம். கூடம் நகரசபையுடையது என்பதால் நகரசபை விசாரிக்கிறதாம். பெயர்ப் பட்டியல் முழுவதையும் வாங்கிவிட்டார்களாம்.

“லிஸ்டிலை உம்மடை பேர் இருக்கோ?”

“என்ட பேர் இல்ல.”

“அப்ப தப்பியிட்டீர்.”

“காதர் எண்டு குடுத்தன்.”

தம்பித்துரை கடித்த பாணை விழுங்க மறந்தார். “அட்ரஸ்?”

“அட்ரஸ் சரியாக் குடுத்தன்.”

“பேரைப் பொய்யாச் சொல்லி அட்ரஸை உண்மையாச் சொன்ன கள்ளனை நான் என்ரை சீவியத்திலை காணேல்லை ஐசே! இப்ப இஸ்லாமியக் கட்சியின்ரை லிஸ்டிலை ஒரு காதர். அவர் உம்மடை வீட்டிலை இருக்கிறார். ஆனா ஆளைக் காணேல்லை. பொலிஸ் என்ன நினைக்கும்?”

“என்ன நினைக்கும்?”

“நீர் ஆரையோ ஒளிச்சு வைச்சிருக்கிறீர் எண்டு நினைக்கும்.”

கேதீஸ்வரன் பத்திரிகையை வாங்கி, யாரும் பார்க்காதபடி மடித்து அதன்மேல் உட்கார்ந்தார்.

“காதர் செத்திட்டார் எண்டு சொல்லும்,” என்றார் தம்பித்துரை, கொஞ்சம் இரங்கி.

“சாவுப் பத்திரம் கேப்பாங்க.”

“அப்ப ஊருக்குப் போயிட்டார் எண்டு சொல்லும்.”

“புத்தளத்துக்கா?”

அன்றிலிருந்து அவர் சுஃப்ராவுக்குப் போகவில்லை. வீட்டில் மாடிப்படிச் சத்தம் கேட்டால் மூச்சைப் பிடிப்பார். சக்கர நாற்காலியைப் போர்வையால் மூடினார். மூடினபிறகு அது யாரோ குந்தியிருப்பதுபோலத் தெரிந்ததால் இன்னும் பயந்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை, கீழே தபால் பெட்டிகளுக்கு முன்னால் தபால்காரப் பெண் பிடித்துக்கொண்டாள். அந்த நாட்டில் பெட்டியில் பெயர் இல்லாதவருக்குக் கடிதம் போடமாட்டார்கள். அவள் கையில் நகரசபை முத்திரையோடு ஒரு கவர்.

“காதர் என்று ஒருவர், உங்கள் கதவிலக்கம். உங்களோடு இருக்கிறாரா?”

“நைன்!” என்றார் கேதீஸ்வரன். முப்பத்திரண்டு வருடத்தில் அந்த நாட்டில் அவர் பேசிய ஆகச் சத்தமான சொல் அதுதான். இல்லை. அப்படி ஆள் இல்லை. தெரியவே தெரியாது. அவள் தோளைக் குலுக்கிவிட்டு, கவரில் ஏதோ கிறுக்கித் திருப்பி அனுப்பும் பைக்குள் போட்டாள். மாடி ஏறும்போது அவருக்குப் பல நாளுக்குப் பிறகு உடம்பு இலேசாக இருந்தது. காதரைத் தொலைத்துவிட்டதாக நினைத்தார்.

ஒன்பது நாள் கழித்து, பின்னேரம், மணி அடித்தது. கேதீஸ்வரன் விளக்கை அணைத்தார்.

“வெளியில சூரியன் நிக்குது, உள்ளுக்க விளக்க அணைச்சு என்ன?” என்றாள் பவதாரணி. “திறங்க. அந்தத் தம்பிட இருமல்.”

ஜௌசி உள்ளே வந்து இருந்தார். கையில் பை இல்லை. இரண்டு தாள் மட்டும் இருந்தது. பவதாரணி சக்கர நாற்காலியில் இருந்தபடியே தேநீர் போட்டாள். ஜௌசி கோப்பையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“கேதீஸ் அண்ணன்,” என்றார்.

காதர் அந்த இடத்திலேயே செத்துப்போனார். கேதீஸ்வரன் கேட்டார்: “எப்பருந்து தெரியும்?”

“மொத நாளே. காதுல ஓட்ட இரிக்கி. உங்கட ஆக்கள்தானே சின்னதில குத்துற. தொப்பிய இன்னும் கொஞ்சம் இழுத்து உட்டிருக்கலாம். பேரு உங்கட தபால் பெட்டியில பாத்த.” இருமினார். “மறுகா, ஆரையம்பதிப் பேச்சப் பேசிக்கிட்டுப் புத்தளம் எண்டு செல்றீங்க. புத்தளத்தார் கேட்டா வழக்குப் போடுவாங்க.”

“அப்ப கோழி?”

“நாந்தான் மாத்தி வெச்ச. மாட்டெறச்சி குடுத்தா என்ன செய்வீங்க? திங்கவும் ஏலா, வெளியில செல்லவும் ஏலா.”

பவதாரணி சிரிக்கத் தொடங்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். கேதீஸ்வரன் சிரிக்கவில்லை. அவருடைய கண் அந்தத் தாள்களில் இருந்தது. வந்துவிட்டது. உழவு இயந்திரம் வாசலுக்கு வந்துவிட்டது.

ஜௌசி முதல் தாளை நீட்டினார். “இது செயலாளர் குடுத்த. வரிசையில ஒரு இந்து இரிக்காரு எண்டு அவருக்கும் எப்பிடியோ தெரிஞ்சிரிக்கி, பேருதான் தெரியா. நீங்க இந்து, ஆனாலும் எங்கட கட்சிதான் உங்களுக்குச் சோறு போட்ட, ஒங்கட சமூகமே கட்சிக்கு நன்றி செல்லுது எண்டு எழுதியிரிக்கி. படமும் வேணுமாம்.” கேதீஸ்வரன் பேனாவுக்குக் கை நீட்டியேவிட்டார், பயந்தவர்கள் கையெழுத்துக்கு எப்போதும் தயார். ஜௌசி தாளைத் திரும்ப இழுத்து நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். “இதுல நீங்க ஒப்பம் வெக்க வேணாம். காட்டச் சென்னாரு, காட்டிட்டன். அவரு கட்சிக்காரர். நான் வெங்காயம் வெட்டுறவன்.”

“மத்தது?”

மற்றது நகரசபை ஜௌசிக்கு எழுதிய கடிதம். காதர் என்ற பெயருக்குச் சக்கர நாற்காலி ஒன்றும் நாலு மாத உணவும் கொடுத்ததாக நீங்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். அந்த முகவரியில் அப்படி ஒருவரும் இல்லை என்று தபால் திரும்பி வந்துள்ளது. பொருட்கள் எங்கே போயின? அடுத்த செவ்வாய்க்குள் விளக்கம் தரவும்.

“என்ட குடியுரிமை விண்ணப்பத்தையும் நிப்பாட்டிட்டாங்க,” என்றார் ஜௌசி. “பொருளக் கட்சிக்கு அனுப்பிட்டன் எண்டு நினைக்காங்க போல. மூணு புள்ளையள் இஞ்ச பள்ளிக்கூடம் போகுது.”

“அப்ப என்ட பேரச் செல்லியிருக்கலாமே?” என்றார் கேதீஸ்வரன். பதறியதில் அவர் பேச்சும் காத்தான்குடிப் பக்கம் சாய்ந்துவிட்டது.

“பேர மாத்திச் சொன்ன ஆளுக்கு ஒரு பயம் இரிக்கும். அது என்னெண்டு எனக்குத் தெரியா. உங்கட பேர என்ட வாயால குடுக்க மாட்டன்.”

தேநீரைக் குடித்து முடித்து எழுந்தார். செருப்பை மாட்டினார். கேதீஸ்வரன் காத்திருந்தார், இப்போது கேட்பார், இப்போது கேட்பார் என்று. ஜௌசி படியிறங்கிப் போனார். கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் மறுத்திருக்கலாம். மிரட்டியிருந்தால் வெறுத்திருக்கலாம். இந்த மனிதன் இரண்டுக்கும் வழி வைக்காமல் இருமிக்கொண்டே போய்விட்டான்.

தம்பித்துரையிடம் போனில் கேட்டார்.

“போகாதையும்,” என்றார் தம்பித்துரை. “போய் என்னெண்டு சொல்லுவீர்? நாலு மாசம் சாப்பாட்டுக்கு வழியில்லாமல் பிச்சை எடுத்தனான் எண்டோ? அதைக் கேட்டாப் போதும் அவங்களுக்கு. ஃபைல் திறப்பாங்கள்.”

“அந்த மனிசன்ட பிள்ளையள்…”

“அவையின்ரை பிரச்சினை அவையோடை. அது பாரும், அரசியல்.”

பவதாரணி கேட்டுக்கொண்டிருந்தாள். போனை வைத்ததும் சொன்னாள்: “நாலு மாடி நான் அந்தத் தம்பிட முதுகில இறங்கினன். இறங்கிட்டன் எண்டுதான் நினைச்சன். இன்னும் இறங்கல்ல நாம.”

“அட்ட போனா உன்ட ஆபரேசன் என்னாகும்?”

“போனா நொண்டுறன். இப்ப என்ன டான்ஸா ஆடுறன்?” என்றாள். சொன்ன வாய் துணிவாக இருந்தது. ஆனால் மடியில் இருந்த விரல்கள் ஆபரேசன் நாள் குறித்த கடிதத்தைத் தடவிக்கொண்டிருந்தன. அதை அவள் மற்றக் கையால் மூடியதைக் கேதீஸ்வரன் கண்டார். கண்டதைக் காட்டிக்கொள்ளவில்லை.

செவ்வாய்க்கிழமை. நகரசபைக் கட்டிடத்தை இரண்டு தரம் கடந்து போனார், ஏதோ அவசர வேலை இருப்பவர் போல. மூன்றாம் தரம் கதவு தானாகத் திறந்துகொண்டது. தானாகத் திறக்கும் கதவு என்பது தெரியாமல் இல்லை. ஆனாலும் கண்டுவிட்டார்கள் என்று நினைத்து உள்ளே போய்விட்டார்.

மேசைக்கு அந்தப் பக்கம் ஃப்ராவ் ஷ்டெயினர் என்ற பெண் அதிகாரி. ஐம்பது வயதிருக்கும், தடிமன் பிடித்திருந்தது, பக்கத்தில் ஆவி பறக்கும் தேநீர். கேதீஸ்வரன் இரவு முழுவதும் ஜெர்மனில் பாடமாக்கிய வசனத்தை ஒரே மூச்சில் சொன்னார்.

“நான்தான் காதர்.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். “உங்கள் பெயர் கேதீஸ்வரன் என்று கீழே பதிந்திருக்கிறீர்களே?”

“அதுவும் நான்தான். சக்கர நாற்காலி என் வீட்டில் இருக்கிறது. சாப்பாடு நான்தான் சாப்பிட்டேன். என் மனைவியும். தபால் வந்தபோது இல்லை என்று சொன்னதும் நான்தான். ஜௌசி ஒன்றையும் எடுக்கவில்லை.”

“ஏன் வேறு பெயர் கொடுத்தீர்கள்?”

“பயம்.”

“அந்தக் கழகத்துக்கா?”

“ஓம். யா.”

“அப்படியானால் ஏன் அங்கே போனீர்கள்?”

“உங்களுக்குப் பயம்.”

விசைப்பலகையில் ஓடிக்கொண்டிருந்த விரல்கள் நின்றன. அவர் சிரிக்கவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டார். பிறகு கேட்டார்: அங்கே தொழச் சொன்னார்களா? இல்லை. மதம் மாறச் சொன்னார்களா? இல்லை. யாராவது கட்சியைப் பற்றிப் பேசினார்களா?

இல்லை என்று சொல்லிவிடலாம். ஜௌசிக்கு அது இன்னும் நல்லதாக இருக்கலாம். ஆனால் கேதீஸ்வரன் ஏற்கெனவே ஒரு பொய்யோடு படும் பாடு போதும் என்றிருந்தார்.

“செயலாளர் பேசுவார். மாதத்தில் பத்து நிமிடம். அந்தப் பேச்சுக்கு எனக்குப் பயம். இப்படிப் பேசினவர்களை நான் ஊரில் பார்த்திருக்கிறேன். வெங்காயம் தந்தவருக்கு எனக்குப் பயமில்லை. இரண்டும் ஒரே கூடத்தில்தான் நடந்தது. நீங்கள் இரண்டையும் எழுதுங்கள்.”

எழுதினார். எவ்வளவோ எழுதினார். கேதீஸ்வரன் சொன்னதைவிடக் கூடுதலாக எழுதுவதுபோல இருந்தது.

“ஜௌசி விஷயத்தைத் திருத்திவிடலாம்,” என்றார் கடைசியில். “இனி உங்கள் விஷயம்.” இழுப்பறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து முன்னால் வைத்தார். தலைப்பைப் பார்த்ததுமே கேதீஸ்வரனுக்குத் தெரிந்துவிட்டது. சோசியல். “இந்த நிலைமையில் இருப்பவர்களுக்கு உதவி பெற உரிமை இருக்கிறது. நீங்கள் முதல் மாதமே இங்கே வந்திருக்க வேண்டும்.”

அவர் குரலில் கருணை இருந்தது. அதுதான் கேதீஸ்வரனை இன்னும் பயப்படுத்தியது.

“இதை எடுத்தால் சி அட்டை போகுமா?”

“உடனே இல்லை,” என்றார் ஃப்ராவ் ஷ்டெயினர். பொய் சொல்லத் தெரியாதவர் போல. “நீண்ட காலம் என்றால் பார்ப்பார்கள். உங்கள் வயது, மனைவியின் உடல்நிலை, எத்தனை வருடம் வேலை செய்தீர்கள், எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள்.”

“யார்?”

“வேறு அலுவலகம்.”

“என்ன முடிவு செய்வார்கள்?”

“அது எனக்குத் தெரியாது, ஹெர் கேதீஸ்வரன். தெரிந்ததுபோல நான் சொல்லக்கூடாது.” கையை நீட்டினார். “படிவத்தை வீட்டில் வைத்து யோசியுங்கள். ஆனால் காதர் நீங்கள்தான் என்று கோப்பில் போடுவதற்கு உங்கள் அட்டையின் பிரதி எனக்கு இப்போதே வேண்டும். அது இல்லாமல் அவருடைய கோப்பை மூட முடியாது.”

கேதீஸ்வரன் சட்டைப் பையைத் தொட்டார். எழுந்து போய்விடலாம். தானாகத் திறக்கும் கதவு வெளியே போகிறவர்களுக்கும் தானாகத்தான் திறக்கும். நாலாம் மாடியில் பவதாரணி ஜன்னலோரம் இருப்பாள். பள்ளிக்கூடம் விட்டு ஜௌசியின் மூன்று பிள்ளைகள் எங்கோ ஒரு வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். அவர் கண்டதே இல்லை, பெயரும் தெரியாது.

அட்டையை எடுத்துக் கொடுத்தார். கொடுக்கும்போது ஒரு நொடி விரல் விடவில்லை. ஃப்ராவ் ஷ்டெயினர் இழுக்காமல் காத்திருந்தார். பிறகு விட்டது.

அதிகாரி அட்டையோடு எழுந்து பக்கத்து அறைக்குள் போனார். கதவு சாத்திக்கொண்டது. உள்ளே யாரோ ஏதோ கேட்டார்கள், அதிகாரி ஏதோ சொன்னார், மெஷின் ஒன்று முனகத் தொடங்கியது. ஒரு பிரதி எடுக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று கேதீஸ்வரன் யோசித்தார். இருபத்தாறு வருடம் இப்படிப்பட்ட மெஷின்களின் தூசியைத் துடைத்திருக்கிறார், ஒன்றைக்கூட இயக்கிப் பார்த்ததில்லை. மெஷின் நின்றது. கதவு திறக்கவில்லை. உள்ளே இன்னும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மேசையில் தேநீர் அப்படியே இருந்தது. ஆவி இன்னும் போய்க்கொண்டிருந்தது. தடிமன் பிடித்த மனுஷி, தேநீரை ஆறவிடமாட்டார், குடிக்கவாவது வருவார் என்று தனக்குச் சொல்லிக்கொண்டு, இரண்டு கையையும் தொடைகளுக்கு நடுவே வைத்து அழுத்தியபடி, அவர் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.